வாசிக்கிறது பசங்க... வசூல் பண்றது அப்பா, அம்மா!

அமெரிக்க ஸ்கூல் பேண்டுகளின் கல்லாப்பெட்டிக் கதை

வெள்ளிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். ஹைஸ்கூல் மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச். (நம்ம கால்பந்து இல்லீங்க... முட்டை ஷேப் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்களே, அது!) பாதி ஆட்டம் முடிஞ்சு வீரர்கள் உள்ளே போக, நூத்துச் சொச்சம் பசங்க யூனிஃபார்மும் இறகு வெச்ச தொப்பியுமா களத்துல இறங்குறாங்க. ட்ரம்பெட், கிளாரினெட், டிரம்ஸ், உடம்பைச் சுத்தி மலைப்பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கிற சூசாஃபோன், கலர் கலரா கொடிகள். வாசிச்சுக்கிட்டே நடந்து, நடந்துக்கிட்டே வட்டம் போட்டு, வட்டத்தை உடைச்சு நட்சத்திரம் ஆக்கி... எட்டுப் பத்து நிமிஷத்துல எல்லாம் ஓவர். கேலரியில விசில் பறக்குது!

ஹாலிவுட் படங்கள்ல இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? இப்போ ஒரே ஒரு கேள்வி. அந்தத் தொப்பிக்கு யார் காசு கொடுத்தது?

'ஸ்கூல்தான்'னு சொல்றீங்களா? பாதி மார்க். 'அப்பா, அம்மா ஃபீஸ் கட்டியிருப்பாங்க'ங்கிறீங்களா? அதுக்கும் பாதி மார்க்தான். முழு மார்க் வேணும்னா, கேலரிக்குப் பக்கத்துல ஸ்டால் போட்டு ஹாட் டாக் வித்துக்கிட்டு இருக்கிற ஆன்ட்டியைப் பாருங்க. அவங்க மகன்தான் களத்துல மூணாவது வரிசையில ட்ரம்பெட் வாசிக்கிறான். அவன் வாசிக்கிறதைக்கூட சரியா பார்க்க முடியாம, இந்த அம்மா சில்லறை எண்ணிக்கிட்டு இருக்காங்க. ஏன்னா, அந்த ஸ்டால் லாபம்தான் அடுத்த வருஷத் தொப்பி!

அந்த ஆன்ட்டி இருக்கிற சங்கத்துக்குப் பேர் 'பேண்டு பூஸ்டர் கிளப்'. பேரைக் கேட்டதும் பால்ல கலக்கிக் குடிக்கிற பவுடர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. பேண்டுல இருக்கிற பசங்களோட பெற்றோர் சேர்ந்து நடத்துற சங்கம் இது. தலைவர், செயலாளர், பொருளாளர்னு எல்லாப் பதவியும் உண்டு. சம்பளம் மட்டும் யாருக்கும் கிடையாது. பகல்ல ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடைனு வேலை பார்த்துட்டு, ராத்திரி சாப்பாட்டு மேஜையில லெட்ஜர் போடுற கூட்டம்.

'அமெரிக்காக்காரங்க பேண்டுக்குக் கணக்கு எழுதினா எனக்கென்ன பாஸ்?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வசூல் பண்ற பணம் யார் அக்கவுன்ட்ல கிடக்குதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, மேலே படிங்க!

காசு எங்கே போகுது?

முதல்ல செலவு. பேண்டு மாஸ்டருக்கு ஸ்கூல் சம்பளம் கொடுத்துடும். ஒத்திகை ரூம் ஸ்கூலோடது. பெரிய வாத்தியங்கள்ல சிலதையும் ஸ்கூலே வாங்கி வெச்சிருக்கும். புல்லாங்குழல், ட்ரம்பெட் மாதிரி சின்ன ஐட்டங்களைப் பசங்களே சொந்தமா வாங்கணும், இல்லைன்னா மாசாமாசம் வாடகைக்கு எடுக்கணும்.

அதுக்கு மேலதான் மீட்டர் ஓட ஆரம்பிக்குது. ஒரு பையனோட முழு யூனிஃபார்ம் செட் சில நூறு டாலர். ஒரு சூசாஃபோன் பல ஆயிரம் டாலர். கொடி சுத்துற குழுவுக்கு ஒரு மாஸ்டர், டிரம்ஸ் குழுவுக்கு ஒரு மாஸ்டர்னு சீஸனுக்கு மட்டும் வெளியாட்கள். பாட்டை இந்த பேண்டுக்கு ஏத்த மாதிரி அமைச்சுக் கொடுக்கிறவருக்குத் தனி ஃபீஸ். 'எந்தப் பையன் எத்தனையாவது தாளத்துல எந்தப் புள்ளியில நிக்கணும்'னு மைதானத்துக்கே படம் வரைஞ்சு கொடுக்கிறவருக்குத் தனி ஃபீஸ். போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பஸ், வாத்தியங்களை ஏத்திட்டுப் போக லாரி, கோடை வெயில்ல நடக்குற பேண்டு கேம்ப்புக்குத் தண்ணியும் ஐஸும்...

கொஞ்சம் பேர் வாங்கின பேண்டா இருந்தா இன்னும் சிக்கல். நவம்பர்ல இண்டியானாபோலிஸ் நகரத்து லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துல தேசிய அளவு போட்டி நடக்கும். நியூயார்க்கில் நன்றி தெரிவிக்கும் நாள் அன்னிக்கு மேஸிஸ் ஊர்வலம். புத்தாண்டுக்கு கலிஃபோர்னியாவில் பாஸடீனா ரோஜா ஊர்வலம். அஞ்சரை மைல் வாசிச்சுக்கிட்டே நடக்கணும்! அழைப்பு வந்தா ஊரே கொண்டாடும். ஆனா, இருநூறு பசங்களை ஃப்ளைட்ல ஏத்தி, ஹோட்டல்ல தங்க வெச்சு, வேளாவேளைக்குச் சோறு போட்டுக் கூட்டிட்டு வர்ற செலவு? பெரும்பகுதி இந்தச் சங்கத்து தலையிலதான். மேஸிஸ் ஊர்வலத்துக்கு பேண்டுகளை ஒன்றரை வருஷம் முன்னாடியே தேர்ந்தெடுத்துச் சொல்லிடுறாங்க. அந்த ஒன்றரை வருஷமும் அப்பா, அம்மாக்களுக்கு வசூல் வருஷம்!

மெத்தை விற்கும் கிளாரினெட்!

இனி வரவு. இதுலதான் சுவாரஸ்யமே.

கார் கழுவுறது எல்லாருக்கும் தெரிஞ்ச ஐடியா. சனிக்கிழமை ஒரு பார்க்கிங்ல வாளியும் துணியுமா பசங்க நிப்பாங்க. குளிர்காலம் வந்தா ஆரஞ்சுப் பழம். வீடு வீடாப் போய் ஆர்டர் எடுத்து, ஒருநாள் லாரியில வந்து இறங்குற பெட்டிகளைப் பிரிச்சுக் கொடுப்பாங்க. குக்கீஸ் மாவு, பரிசு சுத்துற பேப்பர், டிஸ்கவுன்ட் கார்டு... விற்காத பொருளே கிடையாது. சில ஊர்ல மெத்தைகூட விக்கிறாங்க! ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கூல் ஜிம்முக்குள்ள கம்பெனிக்காரங்க வந்து வரிசையா மெத்தைகளைப் பரப்பிடுவாங்க. பசங்க வாசல்ல பலகை பிடிச்சுக் கூட்டத்தைக் கூப்பிடுவாங்க. விற்கிற ஒவ்வொரு மெத்தைக்கும் சங்கத்துக்கு ஒரு பங்கு.

இன்னொண்ணு, பெரிய ஸ்டேடியங்கள்ல தின்பண்ட ஸ்டால் நடத்துறது. பெற்றோர் குழுவாப் போய் ராத்திரி முழுக்க பாப்கார்ன் விற்பாங்க. கூலி அவங்க கைக்கு வராது. விற்பனையில ஒரு சதவிகிதம் சங்கத்துக்குப் போகும்.

அரசாங்கமும் இதுக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு. பொதுவா, தர்ம ஸ்தாபனம் ஒண்ணு தன் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வியாபாரத்தைத் தொடர்ந்து பண்ணினா, அந்த லாபத்துக்கு அமெரிக்காவில் வரி உண்டு. ஆனா, ஏறக்குறைய எல்லா வேலையையும் சம்பளம் வாங்காத ஆட்களே செஞ்சா, அந்த வியாபாரத்துக்கு விலக்கு. ஆக, ஹாட் டாக் ஆன்ட்டி சம்பளம் வாங்காம நிக்கிறதால ரெண்டு லாபம். கூலியும் மிச்சம், வரியும் மிச்சம்!

கம்பெனிகள் மூட்டின நெருப்பு!

'இவ்ளோ கஷ்டப்பட்டு எதுக்கு ஸ்கூல்ல பேண்டு?'னு கேட்டீங்கன்னா, ஒரு நூறு வருஷம் பின்னாடி போகணும். ஊர் ஊருக்குப் பெரியவங்க பேண்டு இருந்த காலம். முதல் உலகப் போருக்கு அப்புறம் அந்த மவுசு இறங்க ஆரம்பிச்சுது. வாத்தியம் செய்யுற கம்பெனிகளுக்கு வயித்துல புளி. இண்டியானா மாநிலத்து எல்கார்ட் நகரமே பேண்டு வாத்தியத் தொழிற்சாலைகளால பிழைச்ச ஊர். புது வாடிக்கையாளர் வேணுமே... பள்ளிக்கூடம் கண்ணுல பட்டுது. 1923ல சிகாகோவில் முதல் தேசிய ஸ்கூல் பேண்டு போட்டி நடந்துச்சு. பின்னாடி நின்னு ஆதரிச்சது வாத்தியக் கம்பெனிகள்தான்! அதுக்கப்புறம் ஸ்கூல்னா பேண்டு, பேண்டுன்னா போட்டின்னு ஆயிடுச்சு.

ஸ்கூல் பேண்டும் பணமும் எவ்வளவு ஒட்டிக்கிட்டதுன்னா, 1957ல பிராட்வே மேடைக்கு வந்து, 1962ல சினிமாவும் ஆன 'தி மியூஸிக் மேன்' கதையே அதுதான். ஒரு ஃப்ராடு சேல்ஸ்மேன், அயோவா மாநிலத்துல ஒரு சின்ன ஊருக்கு வர்றான். 'உங்க பசங்களை வெச்சு பேண்டு ஆரம்பிக்கிறேன்'னு சொல்லி வாத்தியத்துக்கும் யூனிஃபார்முக்கும் வசூல் பண்றான். பணத்தோட கம்பி நீட்டுறதுதான் திட்டம். கதையில அவன் காதல்ல விழுந்து திருந்திடுறான். நிஜத்துல..? அதைக் கொஞ்சம் கழிச்சுப் பார்ப்போம்.

'இலவசம்'னா இலவசம்!

அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்குப் பணம் வர்ற வழிகள்ல முக்கியமானது, அந்தந்த ஊர் வீடு, நிலத்து மேல போடுற சொத்து வரி. பணக்கார ஏரியா ஸ்கூலுக்கு நிறைய, மத்த ஸ்கூலுக்குக் கம்மி. மாநில அரசு கொஞ்சம் சரிக்கட்டும். ஆனா, பட்ஜெட்ல கத்தரி விழும்போது முதல்ல விழுறது கணக்குப் பாடத்துல இல்லை. சங்கீதம், ஓவியம் பக்கம்தான்.

கலிஃபோர்னியா இதுக்கு நல்ல உதாரணம். 1978ல 'பிராபொசிஷன் 13'னு மக்கள் ஓட்டுப் போட்டு சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினாங்க. பள்ளிகளோட கையிருப்பு சுருங்கிடுச்சு. சான்டா பார்பரா பள்ளி மாவட்டம், நாடகம், இசை, விளையாட்டுன்னு ஒவ்வொரு நடவடிக்கைக்கும் மாணவர்கிட்ட 25 டாலர் கேட்டுது. கேஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1984ல தீர்ப்பு. 'அரசியல் சட்டம் இலவசப் பள்ளின்னு சொல்லியிருக்கு. இந்த நடவடிக்கைகளும் கல்வியில் அடக்கம். ஆக, ஃபீஸ் வாங்கக் கூடாது!' முடியாதவங்களுக்கு விலக்கு கொடுத்தாலும் சரிப்படாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அப்படியும் பள்ளிகள் வேற வேற பேர்ல வசூலைத் தொடர, 2012ல தனியா ஒரு சட்டமே போட்டு இறுக்கினாங்க.

இப்போ பூஸ்டர் கிளப்போட நிலைமையை யோசிங்க. கலிஃபோர்னியாவில் நன்கொடை கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாது. கொடுக்காத வீட்டுப் பையனை வெளியே நிறுத்தவும் முடியாது. ஃபீஸ் வாங்க அனுமதிக்கிற மாநிலங்களும் இருக்கு. அங்கே 'ஒருத்தருக்கு இவ்வளவு'ன்னு பங்கு போடுவாங்க. அந்தப் பங்குலதான் சிக்கலே ஆரம்பம்.

கால்குலேட்டரை எடுங்க!

இது கற்பனைக் கணக்கு. ஆனா, லாஜிக் நிஜம். ஒரு பேண்டுல 120 பசங்க. வருஷச் செலவு 90,000 டாலர். தலைக்கு 750. ஓகே?

இதுல 20 குடும்பத்தால கட்ட முடியலை. பள்ளம் 15,000 டாலர். அதை மீதி 100 பேர் தலையில கட்டினா, ஆளுக்கு 900. '750 வரைக்கும் எப்படியோ புரட்டிடலாம், 900 முடியாதுப்பா'ன்னு இன்னொரு 10 குடும்பம் கையைத் தூக்குது. இப்போ 90 பேர். ஆளுக்கு 1,000. இன்னும் சிலர் கழண்டுக்குவாங்க. கடைசியில பேண்டுல மிஞ்சறது, வசதியான வீட்டுப் பசங்க மட்டும்தான். நல்லா வாசிக்கத் தெரிஞ்சவன் கேலரியில உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான்.

அந்தச் சுழலை நிறுத்தத்தான் கார் வாஷும் மெத்தையும். ஒரு கார் கழுவ 10 டாலர்னா, 15,000 டாலருக்கு எத்தனை கார்? 1,500! வாளித் தண்ணிக்கும் சோப்புக்கும் ஆகுற செலவை நான் இன்னும் கழிக்கலை. ஒரு பையனோட 750 டாலரை ஈடுகட்டவே 75 கார். இப்போ தெரியுதா, அந்த ஆன்ட்டி ஏன் மகன் வாசிக்கிறதைப் பார்க்காம சில்லறை எண்றாங்கன்னு?

நீ கழுவின கார் யாருக்கு?

இங்கேதான் பெரிய சண்டை. நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்துக்குவீங்க, பாருங்க.

ஒரு அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உழைக்கிறாங்க. இன்னொரு வீட்டுல இருந்து யாருமே வர்றதில்லை. வசூலை எல்லாருக்கும் சமமாப் பிரிச்சா நியாயமா? 'நான் உழைச்சதை என் பையன் கணக்குல வரவு வை. வராதவங்க முழு ஃபீஸ் கட்டட்டும்'னு அந்த அம்மா கேட்டா தப்பா? நியாயம்தானேன்னு தோணுதுல்ல? ரொம்ப நாளா நிறைய பூஸ்டர் கிளப்புகள்ல நடந்ததும் இதுதான். ஒவ்வொரு பையன் பேர்லயும் தனிக் கணக்கு. எவ்வளவு வித்தியோ, அவ்வளவு உன் ஃபீஸ்ல கழியும்.

வரித் துறை இதை ஒத்துக்கலை. காரணம் கேளுங்க. இந்தச் சங்கங்கள் '501 (சி) (3)'ங்கிற சட்டப் பிரிவுல தர்ம ஸ்தாபனமாப் பதிவு பண்ணிக்கிறாங்க. சங்கத்துக்கு வருமான வரி கிடையாது. நன்கொடை கொடுக்கிறவங்க அவங்க வரியில கழிச்சுக்கலாம். இந்தச் சலுகைக்கு முக்கியமான கண்டிஷன், பணம் பொது நோக்கத்துக்குத்தான் போகணும். உள்ளே இருக்கிற ஒருத்தரோட தனி லாபத்துக்குப் போகக் கூடாது. அம்மா ஆரஞ்சு வித்த காசு அவங்க மகனோட ஃபீஸை மட்டும் குறைக்குதுன்னா, அது தர்மமா? சொந்த வீட்டுச் செலவுக்கு வரி இல்லாம சம்பாதிச்ச மாதிரி ஆகுதேங்கிறது வரித் துறையோட வாதம்.

2013ல இது கோர்ட்ல தீர்ந்துது. வர்ஜீனியா மாநிலத்து 'கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப்'. பேண்டு இல்லை, ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்களோட பெற்றோர் சங்கம். பொருள் வித்த பெற்றோருக்கு பாயின்ட். பாயின்ட்டுக்கு ஏத்த மாதிரி அவங்க குழந்தையோட கட்டணம் குறையும். விற்காதவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. வரித் துறை அந்தச் சங்கத்தோட சலுகையை ரத்து பண்ண, சங்கம் வரி நீதிமன்றத்துக்குப் போய்... தோத்துது. அமெரிக்கா முழுக்க பூஸ்டர் கிளப் பொருளாளர்கள் தங்களோட கணக்கு நோட்டைப் பதற்றமாத் திறந்து பார்த்த தீர்ப்பு அது.

சனிக்கிழமை தவறாம வந்த அம்மாவுக்குக் கோபம் வரும்தான். 'ஓசியில வர்றவனுக்கு நான் ஏன் கார் கழுவணும்?' ஆனா, எதிர் வீட்டுக் கதையையும் கேட்கணும். அந்த வராத அம்மா சனிக்கிழமையும் ஷிஃப்ட்டுக்குப் போறவங்களா இருக்கலாம். கார் இல்லாதவங்களா இருக்கலாம். மெத்தை விற்கணும்னா, மெத்தை வாங்குற அளவுக்கு வசதியான சொந்தக்காரங்களும் நண்பர்களும் வேணுமே! வசதியான அப்பா ஆபீஸ்ல ஒரு சுத்து சுத்தினா முப்பது பெட்டி ஆரஞ்சு காலி. வீட்டு வேலைக்குப் போற அம்மா யார்கிட்ட விப்பாங்க? தனிக் கணக்கு முறையில, உதவி யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் கம்மியாக் கிடைக்குது.

என்கிட்ட கேட்டா, கோர்ட் சொன்னதுதான் சரி. கஷ்டமான சரி! அது வேலை செய்யணும்னா, சனிக்கிழமை அம்மா 'எல்லாப் பசங்களும் என் பசங்கதான்'னு நினைக்கணும். சட்டத்தால அந்த நினைப்பைக் கொண்டுவர முடியாது. அதனாலதான் வசூலுக்கு வர்ற ஆள் குறைஞ்சுபோற சங்கங்களும் இருக்கு. வராதவங்களைக் கட்டாயப்படுத்தாம, அதேநேரம் வர்றவங்களைச் சோர்வடைய விடாம நடத்துறதுதான் தலைவருக்கு நிஜமான பரீட்சை.

ஒரு போஸ்ட் கார்டு... மூணு வருஷம்... அவுட்!

இன்னொரு கண்டம், பேப்பர் வேலை. வருஷ வரவு பொதுவா 50,000 டாலருக்குள்ள இருக்கிற சின்ன சங்கம், வரித் துறைக்கு '990-என்'னு ஒரு குட்டி ஃபாரம் நிரப்பினாப் போதும். 'இ-போஸ்ட் கார்டு'ன்னே செல்லப் பேர். பேர், முகவரி, இன்னும் சில தகவல், அவ்வளவுதான். அதைத் தாண்டினா பெரிய ஃபாரம். நம்ம கற்பனை பேண்டு 90,000 டாலர்ல ஓடுதே... அதுக்கு போஸ்ட் கார்டு செல்லாது!

2006ல வந்த சட்டப்படி, தொடர்ந்து மூணு வருஷம் இதை அனுப்பலைன்னா தர்ம ஸ்தாபனச் சலுகை தானாவே போயிடும். 2011ல முதல் பட்டியல் வந்தப்போ சுமார் 2,75,000 அமைப்புகளோட சலுகை காலி! அதுல பல சங்கங்கள் ஏற்கெனவே இழுத்து மூடினவை. ஆனா, உயிரோட இருந்தும் மறந்துபோன சங்கங்களும் மாட்டிக்கிச்சு.

மறக்கிறது எப்படின்னு கேட்கிறீங்களா? பூஸ்டர் கிளப்புக்கு ஆபீஸ் கிடையாது. பல சங்கங்களுக்கு முகவரி, பொருளாளர் வீடுதான். ஹைஸ்கூல் நாலே வருஷம். பையன் பாஸ் ஆனதும் அம்மாவும் 'பாஸ்' ஆகிடுறாங்க! புதுப் பொருளாளர் வர்றாங்க. வரித் துறை லெட்டர் பழைய வீட்டுக்கே போய்க்கிட்டு இருக்கும். பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட, செக் புக் இன்னொருத்தர்கிட்ட, பழைய ரசீதெல்லாம் யாரோ வீட்டுப் பரண்ல. நம்ம சிம்போசியத்துல ஃபைனல் இயர் சீனியர்ஸ் போனதும் ஃபைலும் சேர்ந்து போகுமே... அதே கதை!

ஒரே போல்ட்ல தொங்குற பாலம்

இப்போ 'மியூஸிக் மேன்' மேட்டருக்கு வருவோம். பூஸ்டர் கிளப் பணத்தைப் பொருளாளரே சுருட்டிட்டாருங்கிறது அமெரிக்க உள்ளூர் பேப்பர்கள்ல திரும்பத் திரும்ப வர்ற செய்தி. வெளியூர் திருடன் தேவைப்படலை. சுருட்டினவர் பல சமயம், 'அவங்க மாதிரி உழைக்க ஆளே கிடையாது'ன்னு எல்லாரும் புகழ்ந்த நபராவே இருப்பார்.

எப்படி நடக்குது? வசூல்ல பாதி ரொக்கம். எண்றது ஒருத்தர். பேங்க்ல போடுறதும் அவரே. செக்ல கையெழுத்தும் அவரே. பேங்க் ஸ்டேட்மென்ட் வர்றதும் அவர் வீட்டுக்கே. கூட்டத்துல கணக்கு வாசிக்கிறதும் அவரே. 'இந்த மாசம் வீட்டு வாடகைக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன், அடுத்த மாசம் வெச்சிடலாம்'னு சின்னதா ஆரம்பிக்கும். கேட்க ஆள் இல்லைன்னா அடுத்த மாசம் வராது. ஒருநாள் பஸ் கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பும். அன்னிக்குத்தான் ஊருக்கே தெரியும். நஷ்டம்? ரெண்டு வருஷமா கார் கழுவின பசங்களுக்கு!

இன்ஜினீயரிங் பசங்களுக்குச் சட்டுனு புரியும். மொத்தப் பாலத்தையும் ஒரே போல்ட்ல தொங்க விட்டுட்டு, 'போல்ட் நல்ல போல்ட்டுங்க'ன்னு சொல்ற டிசைன் இது. நல்ல டிசைன்ல ஒரு போல்ட் விட்டுப்போனாலும் பாலம் நிக்கும். அப்படி ஒழுங்கா நடத்துற சங்கங்கள் கடைப்பிடிக்கிற விதிகள் இதோ...

ரொக்கத்தை எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்து எண்ணணும். அங்கேயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.

செக்ல ரெண்டு கையெழுத்து. அந்த ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. வெத்து செக்ல முன்கூட்டியே கையெழுத்து போட்டுக் கொடுக்கிற பழக்கம் கூடவே கூடாது.

பேங்க் ஸ்டேட்மென்ட்டை, செக்ல கையெழுத்துப் போடாத மூணாவது ஆள் மாசாமாசம் பார்க்கணும்.

ரசீது இல்லாம ஒரு டாலர்கூட திருப்பிக் கிடையாது. தலைவரா இருந்தாலும் சரி.

ஒவ்வொரு கூட்டத்துலயும் பட்ஜெட் இவ்வளவு, செலவு இவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதி எல்லார் கையிலயும் கொடுக்கணும். வருஷம் முடிஞ்சதும் கணக்குல சம்பந்தப்படாதவங்க உட்கார்ந்து சரிபார்க்கணும்.

குறிப்பிட்ட வருஷத்துக்கு மேல ஒருத்தரே பொருளாளரா இருக்கக் கூடாது. பணத்தைக் கையாள்றவங்க பேர்ல, காசு காணாமப்போனா ஈடு தர்ற இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கிற சங்கங்களும் உண்டு.

'என்ன பாஸ், நம்பிக்கையே இல்லையா?'னு தோணலாம். தலைகீழா யோசிங்க. ரெண்டு கையெழுத்து இருந்தா, என்னிக்காவது 200 டாலர் குறையும்போது நேர்மையான பொருளாளர் மேல யாரும் விரல் நீட்ட முடியாது. விதி இல்லாத இடத்துல, எடுக்காதவங்களும் சந்தேகத்தோடதான் நடமாடணும். காப்பாத்துறது பணத்தை மட்டும் இல்லை, பொருளாளரோட பேரையும்தான்.

உங்க கல்லாவுக்கு வருவோம்!

சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், ஐ.வி., ஃபேர்வெல்... வருஷத்துக்கு எத்தனை வசூல் நடக்குது நம்ம காலேஜ்ல? ஸ்பான்சர்கிட்ட வாங்கின பணம், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டி-ஷர்ட் காசு எல்லாம் யாரோ ஒரு நண்பனோட ஜிபேல வந்து விழுது. அவனோட பரோட்டா காசும் அதே அக்கவுன்ட்லதான். நிகழ்ச்சி முடிஞ்சு ரெண்டு வாரத்துல 'மிச்சம் எவ்ளோடா?'ன்னு ஒருத்தன் கேட்பான். அவன் உத்தேசமா ஒரு நம்பர் சொல்லுவான். அவன் ஒரு ரூபாகூட எடுத்திருக்க மாட்டான். ஆனாலும், அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு முணுமுணுப்பு ஓடும். நாலு வருஷ நட்பு அதுல விரிசல் விடும்.

டி-ஷர்ட் வாங்க முடியாம 'எனக்கு அந்த கலர் பிடிக்கலை மச்சி'ன்னு ஒதுங்குற ஒருத்தன் உங்க கிளாஸ்லயும் இருப்பான். அவன் வரட்டும்னு மொத்த வசூல்ல இருந்து சத்தமில்லாம ஒரு டி-ஷர்ட் ஒதுக்கி வெக்கிறதும் கணக்குதான். யாருக்குன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டாம, பட்ஜெட்ல மட்டும் ஒரு வரியா எழுதுங்க. நல்ல பூஸ்டர் கிளப்புகள் அப்படித்தான் ஒரு தொகையைத் தனியா எடுத்து வைக்குது.

அடுத்த மீட்டிங்ல 'ட்ரெஷரர் யாரு?'ன்னு கேட்பாங்க. எல்லாரும் மொபைலைப் பார்ப்பாங்க. நீங்க தைரியமா கையைத் தூக்குங்க. தூக்கின கையை இறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடுங்க...

'ரெண்டாவது கையெழுத்து யாரு?'